வடக்குச் சுவருக்குள் என்ன இருக்கிறது

பிஷ்கெக்
2013 மே 12

அன்புள்ள தம்பி ஜூமார்ட்டுக்கு,

அக்கா கனிஷாய் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். கணவாய் ஏறும்போது மட்டும் தலைவலி. ரைகானும் மகள் நூர்ஸாதாவும் சுகமா? குதிரை குட்டி போட்டதா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். மறுநாள் பேசியது உனக்கு ஒரு மாதிரி ஞாபகம் இருக்கும், எனக்கு வேறு மாதிரி. காகிதத்தில் எழுதினால் எழுதியது எழுதியபடி கிடக்கும். பாகாஸின் வேன் வாரம் இரண்டு முறை அக்-கெச்சூவிலிருந்து இங்கே வருகிறது. அவனிடம் கொடுத்துவிடு. பல்கலைக்கழக நூலகமும் மாணவர் மையமும் சேர்ந்த அந்தக் கட்டிடத்தை வடிவமைத்தவள் நான். நீ அதைக் கட்டும் கம்பெனியின் தளப் பொறுப்பாளன். அக்கா, தம்பி என்பதெல்லாம் கடிதத்தின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருக்கட்டும்.

உங்கள் துணைவேந்தர் ஒசோரோவ் கொதிகலன் அறையில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, இந்தச் சட்டியில எங்க வீட்டு விருந்துக்கு ஆட்டுக்கறிகூட வேகாது. முந்நூறு பிள்ளைங்களுக்கு இத வச்சு எப்படிம்மா குளிர் காய வைப்ப?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பார்த்தேன்.

எனவே உனக்கு இன்னொரு முறை சொல்கிறேன். அந்த அளவு நூலகத்துக்கு வழக்கமாக வைக்கும் கொதிகலனில் ஐந்தில் ஒரு பங்குதான் நான் வைத்திருப்பது. அசட்டுத் தைரியத்தில் வைக்கவில்லை. உள்ளே இருக்கும் பிள்ளைகளின் உடம்புச் சூடு, விளக்குகள், தெற்குக் கண்ணாடி வழியாக வரும் வெயில், இவைதான் அந்தக் கட்டிடத்தைச் சூடாக்கும். கொதிகலன் கொஞ்சம் கைகொடுக்கும். இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது சுவரின் வேலை. அதிலும் வடக்குச் சுவர். வெயில் படாத, ஆற்றுக் காற்று நேராக வந்து அறைகிற சுவர். செங்கல்லுக்கு வெளியே இருபது சென்டிமீட்டர் கனத்துக்கு, பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்த பாறைப்பஞ்சுப் பலகை. விரல் நுழைய இடைவெளி இருக்கக் கூடாது. அதற்கு மேல் வெளித்தகடு. அந்தப் பலகை ஒழுங்காக இல்லையென்றால் கட்டிடத்துக்கு அடுப்பே இல்லை என்று வைத்துக்கொள்.

அப்படி ஆனால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒசோரோவ் எங்கிருந்தாவது பழைய நிலக்கரிக் கொதிகலனை இழுத்து வந்து வைப்பார். மாணவர் மையத்தின் சுவரை இடித்துப் புகைபோக்கி நிறுத்துவார். "இந்த மாதிரிக் கட்டிடம் நம்ம குளிருக்கு ஒத்துவராது" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். அதன்பின் இந்த நாட்டில் யாரும் இன்னொன்று கட்ட விடமாட்டார்கள். ஆறு வருஷம் இதற்காகக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறேன்.

பலகை வந்ததா, எதன் மேல் அடுக்கினாய், எதனால் மூடினாய், யார் பொருத்தப்போகிறார்கள்? பதில் எழுது.

உன் அக்கா
கனிஷாய்


அக்-கெச்சூ
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூமார்ட் எழுதுவது. இங்கே மனிதர், கால்நடை எல்லாம் நலம். குதிரை பெட்டைக் குட்டி போட்டிருக்கிறது. உன் உடம்பு எப்படி, உன் கோபம் எப்படி?

நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

பலகை இரண்டு லாரியில் வந்தது. மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, பெரிய நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டியாயிற்று. கிழக்கும் மேற்கும் அடுத்த வாரம் தொடங்குகிறோம். வடக்கு கடைசி. பொருத்தப்போவது மேய்ச்சல் ஊரிலிருந்து வந்திருக்கும் ஏழு பேர். அபிஷ்தான் அவர்களுக்குத் தலைவர். போன வருஷம் வரைக்கும் ஆடு மேய்த்தவர்கள். எதையும் தூக்குவார்கள், எதற்கும் முகம் சுளிக்கமாட்டார்கள். அபிஷ் ஒரு பலகையை எடுத்து முகர்ந்து பார்த்து, "தம்பி, இது எந்த ஆட்டோட முடி?" என்றார். "பாறையோட முடி அண்ணே" என்றேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நூர்ஸாதா இதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பிஷ்கெக்குக்கு வந்து உன்னோடு இருந்து படி என்றால், "அத்தை கட்டின நூலகத்துல படிக்கிறேன்" என்கிறாள். ரைகான் காய்ந்த பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாகாஸ் பாதியைத் தின்றிருப்பான்.

தம்பி
ஜூமார்ட்


பிஷ்கெக்
ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அனுப்பிய மூன்று கடிதங்களையும் உன் கையிலேயே கொடுத்ததாகப் பாகாஸ் சத்தியம் செய்கிறான். "அண்ணன் வாங்கி உள்பையில வச்சுக்கிட்டாருக்கா, பிரிக்கல" என்றான்.

மாத ஆரம்பத்தில் உங்கள் பக்கம் இரண்டு நாள் அடைமழை என்று செய்தியில் சொன்னார்கள். வடக்குச் சுவருக்கான பலகைகள் நனையவில்லையே? ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும். நனைந்திருந்தால் உடனே சொல். இன்றைக்குச் சொன்னால் வேறு பலகை ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. கத்துவேன்தான். கத்திவிட்டு ஏற்பாடு செய்வேன்.

மற்றக் கேள்விகள் தனித்தாளில். காற்றுப் பரிமாற்ற இயந்திரம், கண்ணாடிச் சட்டங்கள், மாணவர் மையத்துத் தரை, எல்லாமாகப் பத்து.

அக்கா
கனிஷாய்


அக்-கெச்சூ
ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உனக்கு முதுகுவலி என்று பாகாஸ் சொன்னான். வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ரைகானின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். மூன்று நாள் விருந்து, நானூறு பேர். சமையலுக்கு நான்தான் பொறுப்பு. அதில் இரண்டு நாள் மழை கொட்டியது. ஆனால் சமையல் இடத்துக்கு மேலே பெரிதாகக் கூரை கட்டியிருந்ததால் ஒரு கரண்டி சாறுகூட வீணாகவில்லை. சம்பந்தி வீட்டார் அசந்துபோனார்கள். மழையால் மேய்ச்சலில் புல் இடுப்பளவு நிற்கிறது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். காற்றுப் பரிமாற்ற இயந்திரத்தை மாடியில் ஏற்றியாயிற்று. தெற்குக் கண்ணாடி முழுக்கப் போட்டாயிற்று. பகலில் அந்தக் கூடத்தில் சட்டையோடு நிற்க முடியவில்லை, நீ சொன்னது சரிதான். சட்டங்களின் ஓரத்தில் நாடா ஒட்டினோம். ஒரு இடத்தில் மட்டும் ஊதுகிறது, அதையும் அடைத்துவிடுவோம். மாணவர் மையத்துக்கு மரத்தரை போட்டிருக்கிறோம். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் கதவு ஒரு கைப்பிடி அகலம் குறைவு. அதை நீ வந்தால் பேசிக்கொள்ளலாம். கிழக்கு, மேற்குச் சுவர்களை மூடியாயிற்று.

நூர்ஸாதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வரலாறு எடுத்திருக்கிறாள். வீட்டில் தலைகால் புரியவில்லை.

தம்பி
ஜூமார்ட்


பிஷ்கெக்
ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

நூர்ஸாதாவுக்கு என் வாழ்த்தைச் சொல். கல்யாணப் பிள்ளைக்கும் சொல்.

பத்து கேள்வி கேட்டேன். நீ எழுதியிருப்பதை நான்கு முறை படித்தேன். ஒன்பதுக்குப் பதில் இருக்கிறது. கேட்காத கதவின் அகலம்கூட இருக்கிறது. புல் எத்தனை உயரம் என்று இருக்கிறது. வடக்குச் சுவரின் பலகை நனைந்ததா என்பது மட்டும் இல்லை.

நான் எட்டு வயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். நீ எதையாவது உடைத்தால் அன்றைக்குத்தான் அதிகம் பேசுவாய்.

இந்த முறை ஒரே கேள்வி. வடக்குச் சுவருக்குள் என்ன வைக்கிறாய்? மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பு.

கனிஷாய்


அக்-கெச்சூ
ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

வடக்குச் சுவரை மூடியாயிற்று. மூடுவதற்கு முன் போடும் சான்றில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உள்ளே என்ன இருக்க வேண்டுமோ அது இருக்கிறது என்று அந்தக் காகிதத்தில் என் பெயரோடு எழுதியிருக்கிறது. அது உனக்குப் போதாதா? படம் எடுக்க யாருக்கு நேரம்? 31ஆம் தேதி தலைநகரத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஒசோரோவ் ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து நிற்கிறார். "தகடு மாட்டிட்டீங்களா, பெயிண்ட் அடிச்சிட்டீங்களா, புல்தரை விரிச்சிட்டீங்களா?" சுவருக்குள் என்ன என்று அந்த ஆள் ஒரு நாளும் கேட்கவில்லை. நீ மட்டும்தான் கேட்கிறாய். கேட்கிற விதம் திருடனை விசாரிப்பது போல இருக்கிறது.

அந்தக் கட்டிடம் உன்னுடையது மட்டும் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து அங்கே நிற்பவன் நான்.

திறப்பு விழாவுக்கு வருவாய்தானே? ரைகான் உன் படுக்கையைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூமார்ட்


அக்-கெச்சூ
நவம்பர் 29

அன்புள்ள அத்தைக்கு,

நூர்ஸாதா எழுதுகிறேன். நீங்கள் நலமா? முதுகுவலி குறைந்ததா? அப்பாவும் அம்மாவும் நலம். அப்பாதான் இப்போதெல்லாம் சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதட்டுமா என்றால், "அத்தைக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாத" என்கிறார். அதனால் அவருக்குத் தெரியாமல் பாகாஸ் மாமாவிடம் கொடுக்கிறேன்.

அத்தை, உங்கள் மாணவர் மையம்தான் இப்போது எங்கள் ஊரிலேயே நல்ல இடம். மத்தியானம் அந்தக் கண்ணாடிக் கூடத்தில் தேநீரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் படிப்பறை அப்படி இல்லை. வெளியே மைனஸ் இருபது டிகிரிக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் கோட்டைக் கழற்றுவதே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு பக்கம் திருப்ப முடியாது, அதனால் ஒரு கையில் மட்டும் போட்டுக்கொள்கிறோம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். வடக்குப் பக்கம் எல்லோரும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் சுவரோடு சாய்ந்துதான் உட்கார்கிறோம். கீழே சுவர் குளிரவே இல்லை. எழுந்து நின்றால் தோளுக்கு மேலே ஐஸ்கட்டி! அங்கே வெள்ளையாகப் பனி பூக்கிறது. பையன்கள் அதில் விரலால் பெயர் எழுதுகிறார்கள். நூலகர் அம்மாவுக்குக் கோபம். "இது நூலகமா, ஆட்டுக்கொட்டிலா? நாற்காலி எதுக்குடி போட்டிருக்கு?" என்று கத்துவார். அப்புறம் அவரும் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார்.

துணைவேந்தர் நிலக்கரிக் கொதிகலன் வாங்கிவிட்டாராம். முற்றத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி கூட்டத்தில் முடிவு செய்து சுவரை உடைப்பார்களாம். எந்தச் சுவர் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கூடத்தை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள் அத்தை.

உங்கள்
நூர்ஸாதா


பிஷ்கெக்
டிசம்பர் 4

ஜூமார்ட்,

கீழே சூடு, மேலே பனி. உன் மகள் வேடிக்கை என்று எழுதியிருக்கிறாள். அவளை ஒன்றும் கேட்காதே. தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

முழுப் பலகையாகப் பொருத்தியிருந்தால் அது இறங்காது. அது தானாக நிற்கும். சுவர் தோள்வரை சூடாகவும் அதற்கு மேல் வெறுமையாகவும் இருக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பது பலகை இல்லை. எதையோ உதிரியாகத் திணித்திருக்கிறாய். மூன்று மாதத்தில் அது சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டது.

திறப்பு விழா அன்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் உன்னைக் கேட்டேன். "ஜூமார்ட், என் கண்ணைப் பாத்துச் சொல்லு." நீ கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய். "எல்லாம் சரியா இருக்குக்கா. வா, விருந்து ஆறிப்போகுது." நான் மேற்பார்வை ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உன் பின்னால் வந்து சாப்பிட்டேன்.

ஒசோரோவ் எனக்கு ஆள் மூலம் தகவல் அனுப்பியிருக்கிறார். கூட்ட அறிக்கையில் "வடிவமைப்புக் கோளாறு" என்று எழுதப்போகிறார்களாம். ஆறு வருஷத்தை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

என்ன செய்தாய்? இந்த முறை குதிரை, புல், கல்யாணம் எதுவும் வேண்டாம்.

கனிஷாய்


அக்-கெச்சூ
டிசம்பர் 19

அக்காவுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கல்யாண வீட்டில் சமையலுக்குக் கூரை வேண்டும் என்றார்கள். வானம் தெளிவாக இருந்தது. பலகைகளின் மேல் இருந்த நீலத் தார்ப்பாயை அவிழ்த்து நான்தான் கொண்டுபோனேன். மூன்று நாளில் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு ராத்திரி மழை. விருந்தை விட்டு எழுந்து வர முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடப் பொய். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் முன்னால் எழுந்துபோக வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் பலகையெல்லாம் ஊறித் தண்ணீர் சொட்டுகிறது. கம்பெனி முதலாளிக்கு ஃபோன் செய்தேன். புதுப் பலகைக்குப் பணமும் ஐந்து வாரமும் வேண்டும், வடக்குச் சுவர் தள்ளிப்போகும் என்றேன். "ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத" என்று வைத்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அபிஷ் வந்து பக்கத்தில் குந்தினார். "இதுக்காய்யா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? நனைஞ்ச முடிய என்ன பண்றதுன்னு எங்களுக்குச் சொல்லியா தரணும்? காய வைப்போம், அடிப்போம், பழையபடி பூ மாதிரி வந்துரும்." மறுநாள் அவருடைய மனைவியும் மற்றப் பெண்களும் வந்தார்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் பலகைகளைப் பரப்பினார்கள். கம்பளி நெய்வதற்கு முன் செய்வது போலவே, எதிரெதிரே உட்கார்ந்து மெல்லிய குச்சிகளால் அடித்தார்கள். பாட்டுகூடப் பாடினார்கள். சாயங்காலம் ஒரு பலகை மிச்சமில்லை. சாம்பல் நிறத்தில் மலை மாதிரிப் பஞ்சு. எல்லோருக்கும் முழங்கை வரை அரிப்பு. "பாறையோட முடி கடிக்குதே" என்று சிரித்துக்கொண்டே ஆற்றில் கழுவினார்கள்.

தொடங்கும்போதே தப்பு என்று தெரியும் என்று சொன்னால் பொய். பாதியில் தெரிந்தது. நிறுத்தவில்லை.

அதைத்தான் தகட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கையால் திணித்தோம். மேலே இருந்து காலால் மிதித்தோம். அன்றைக்குச் சுவர் நிறைந்துதான் இருந்தது அக்கா. கையெழுத்துப் போட்டபோது நிறைந்த சுவருக்குத்தான் போட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான்.

ஜூமார்ட்


பிஷ்கெக்
டிசம்பர் 23

ஜூமார்ட்,

படித்தேன். ஒரு நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன். அன்றே எழுதியிருந்தால் என்ன வந்திருக்குமோ.

தார்ப்பாய்க்காகக் கோபம் இல்லை. மழைக்காக இல்லை. அபிஷ் மீது துளியும் இல்லை. ஜூலை ஒன்பதாம் தேதி நான் கேட்டேன். இன்றைக்குச் சொன்னால் நேரம் இருக்கிறது என்று எழுதினேன். கத்துவேன், கத்திவிட்டு ஏற்பாடு செய்வேன் என்று எழுதினேன். நீ அதைப் பிரித்துப் படித்துவிட்டு எனக்குக் கண்ணாடியைப் பற்றியும் கதவைப் பற்றியும் எழுதினாய். அந்தக் கோபம் எனக்குத் தீராது. தீரும் என்று காத்திருக்காதே.

என் பங்கையும் சொல்கிறேன். திறப்பு விழா அன்று வெளித்தகட்டில் ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். நான்கு திருகாணி. என் பையில் திருப்புளி இருந்தது. சந்தேகமும் இருந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் தம்பியைச் சோதிப்பது அசிங்கம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். நீ விருந்திலிருந்து எழுந்து வர வெட்கப்பட்டாய் என்றால், நான் மட்டும் என்ன யோக்கியம்?

இப்போது கேள். ஜனவரி பத்தாம் தேதிக் கூட்டத்தில் என் வடிவமைப்பு தோற்றது என்று எழுதி, அந்தக் கரிக் கொதிகலனுக்கு வழி வெட்டப்போகிறார்கள். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. ஒசோரோவுக்கு ஒரு நகல் அனுப்பினால் அன்றே முடிந்துவிடும். அனுப்பமாட்டேன். நீ எழுந்து நின்று சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றும் மிரட்டமாட்டேன். சொல்லாவிட்டால் அந்தப் புகைபோக்கியின் கீழே உன் மகள் நாலு வருஷம் படிப்பாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி உன்னிடம் பேசுவாள். நீ கேட்டுக்கொண்டிரு.

கனிஷாய்


அக்-கெச்சூ
2014 ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்டம் படிப்பறையிலேயே நடந்தது. ஒசோரோவ் வேண்டுமென்றேதான் அங்கே வைத்தார். இருபத்தைந்து பேர், எல்லோரும் தொப்பியும் கோட்டுமாக. அறிக்கையை வாசித்தார்கள். "வடிவமைப்புக் கோளாறு" என்று வந்ததும் எழுந்தேன். "கோளாறு வடிவமைப்புல இல்லீங்க, சுவருக்குள்ள இருக்கு. அதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றேன்.

"உக்காருப்பா, உங்கக்காவுக்காகப் பேசுற" என்றார்.

"தகட்டைக் கழட்டிப் பாருங்க. தோளுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

எல்லாவற்றையும் சொன்னேன். தார்ப்பாய், மழை, ஆற்றங்கரை. குச்சியால் அடித்ததைச் சொன்னபோது முதலில் கணக்குத் துறைத் தலைவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். "பாறைய அடிச்சுக் கம்பளி பண்ணீங்களா!" என்று ஒசோரோவ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ திட்டியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை அக்கா. அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் நூலகர் அம்மாதான், "சிரிச்சது போதும். போய்ப் பாருங்க. என் பிள்ளைங்க தரையில உக்காந்திருக்கு" என்றார்.

போனார்கள். நானே ஏணியில் ஏறி மூன்று தகடுகளைக் கழற்றினேன். வெறும் செங்கல். ஒசோரோவ் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

முடிவு இது. சுவரைச் சரிசெய்து ஒரு குளிர்காலம் பார்த்த பிறகுதான் கரிக் கொதிகலனைப் பற்றிப் பேச்சு. அதுவரை அது முற்றத்தில் பனியில் கிடக்கும். பலகையைக் கம்பெனியே தர வேண்டும். மாத இறுதியில் வருகிறது. என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அபிஷின் ஆட்களோடு கூலிக்காரனாக வேலை செய்கிறேன் என்று கேட்டேன், சரி என்றார்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் பையன்கள் குச்சியை ஓங்கிக் காட்டுகிறார்கள். நூர்ஸாதா ஆறு நாளாக என்னோடு பேசவில்லை.

கூட்ட அறிக்கையின் நகல் இதோடு இருக்கிறது. "வடிவமைப்புக் கோளாறு" என்பதை அடித்துவிட்டு, "காரணம்: தொழிலாளர்களின் அறியாமை" என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீ எல்லாம் காகிதத்தில் வேண்டும் என்றாய், அதனால் எழுதுகிறேன். அறிக்கையைக் கேட்டுவிட்டு அபிஷ் என்னிடம் சொன்னார். "அறியாமைதான் தம்பி, இல்லேன்னு சொல்லல. மே மாசம் உங்கக்கா வந்தாங்க. அந்தப் பலகை அடுக்கப்போற இடத்துலதான் நாங்க ஏழு பேரும் நின்னோம். எங்களைத் தாண்டித்தான் போனாங்க." சும்மா இருங்க அண்ணே என்றேன்.

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு.

உன் தம்பி
ஜூமார்ட்


பிஷ்கெக்
ஜனவரி 21

தம்பி ஜூமார்ட்டுக்கு,

அறிக்கை கிடைத்தது. உன் கடிதமும். நூர்ஸாதாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் பேசாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் உன் பேச்சைக் கேட்டு இருபத்தைந்து பேர் சிரித்தபோதும் நீ உட்காரவில்லை என்பதை அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

என் கோபம் போகவில்லை. அதை ஒரு பக்கம் வைக்கிறேன்.

அபிஷ் சொன்னது உண்மை. அன்று காலை ஒன்பது மணிக்கு வந்தேன், ஒரு மணிக்குக் கிளம்பினேன். அந்த நாலு மணி நேரமும் ஒசோரோவோடும் அவர் அழைத்து வந்திருந்த ஆட்களோடும் போனது. கணக்கு, வரைபடம், அயல்நாட்டு உதாரணம், அவருடைய ஆட்டுக்கறி. அந்தப் பலகையைக் கையால் தொடப்போகிற ஏழு பேர் வழியில் நின்றார்கள். சலாம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. இது என்ன, இதை எப்படி வெட்டுவது, ஏன் அடிக்கக் கூடாது என்று ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். நனைந்தாலும் அவர்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோயிருக்கமாட்டார்கள், உன்னையும் போகவிட்டிருக்கமாட்டார்கள். முடியைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். இது முடி இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான். அறியாமை என்று எழுதுகிறவர்கள் அது யாருடையது என்று சரியாக எழுத வேண்டும்.

ஒசோரோவுக்கு இன்றே எழுதுகிறேன், அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லி. சிரிப்பார். சிரிக்கட்டும்.

இந்த வேலைக்குச் சிமென்ட்டும் பசையும் தேவையில்லை, ஆணிதான். குளிரிலும் செய்யலாம். ஒரு நேரத்தில் இருபது நிமிஷம், பிறகு உள்ளே வந்து கை காய்ச்சிக்கொள்ள வேண்டும். பல் வைத்த நீளக் கத்தி எட்டு, முகமூடி, முழங்கை வரை வரும் கையுறை எல்லாம் இங்கே வாங்கிவிட்டேன். தகட்டைத் தாங்கும் சட்டத்தின் இடைவெளியைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, அமுக்கி உள்ளே விட வேண்டும். விட்டால் அதுவே விரிந்து பிடித்துக்கொள்ளும். முதல் வரிசையை அபிஷுக்கும் மற்றவர்களுக்கும் நானே பொருத்திக் காட்டுகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி பாகாஸின் வேனில் வருகிறேன். ரைகானைப் படுக்கை போட வேண்டாம் என்று சொல், விடுதியில் தங்கிக்கொள்கிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வடக்குச் சுவரடியில் இருப்பேன். அந்த உயரத்தில் எனக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியும். நீ வந்து ஏணியைப் பிடித்துக்கொள். பேச வேண்டாம்.

அக்கா
கனிஷாய்